ஏழாம் கேள்விக்கு மூன்று வரி போதாது: முன்பள்ளிப் பொறுப்பதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள எங்கள் முன்பள்ளியைப் பார்க்க வந்தார்கள். பண்பாகப் பேசினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டினார்கள். போகும்போது இரண்டு தாள்களைத் தந்தார்கள். ஒன்று பதிவைப் புதுப்பிக்கும் படிவம். அதில் 7ஆம் கேள்வி, "நிலையத்தின் வரலாறு (சுருக்கமாக)". கீழே மூன்று புள்ளிக்கோடுகள். மற்றது நாங்கள் செய்யவேண்டிய திருத்தங்களின் பட்டியல். அதில் 4ஆவது, "முற்றத்திலுள்ள மணல் குழியை மூடி இன்டர்லொக் கல் பதிக்கவும்".

இரண்டு தாளையும் மேசையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை யோசித்தேன். அந்தக் குழியைப் பற்றி எழுதாமல் 7ஆம் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. எழுதினால் மூன்று கோட்டுக்குள் அடங்காது. அதனால் இப்படி, எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். எங்களைப்போல் வீட்டு விறாந்தையில் முன்பள்ளி நடத்துகிறவர்கள் இந்தக் குடாநாட்டில் நிறையப் பேர். அவர்களிடமும் இதே படிவம் போயிருக்கும்.

தொடங்கிய திகதியைப் படிவம் கேட்கிறது. உண்மையைச் சொன்னால் அப்படி ஒரு திகதி இல்லை. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். தங்கள் மகனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். "ஒண்டோட ரெண்டாய் இருக்கட்டுமே" என்று அடுத்த ஒழுங்கையில் இருந்தவவும் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டா. 1981 விஜயதசமி அன்று, யாழ்ப்பாண நூலகம் எரிந்து நாலு மாதம் கழித்து, அம்மப்பா ஆறு பிள்ளைகளை வரிசையாக இருத்தி, சுளகில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து அகரம் எழுதுவித்தார். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. வயது நாலு. அதையே தொடங்கிய நாளாக வைத்துக்கொள்வோம். படிவத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கரும்பலகை என்று ஒன்று அப்போது இல்லை. பழைய கதவுப் பலகை ஒன்றுக்கு அடுப்புக்கரியையும் ஊமத்தம் இலைச் சாற்றையும் சேர்த்துப் பூசினார்கள். இருக்கை, கோணிச்சாக்கு. கணக்குக்குப் புளியங்கொட்டை. மாதக் கட்டணம் பத்து ரூபா. தர இயலாதவர்கள் தேங்காய் தந்தார்கள், முருங்கைக்காய் தந்தார்கள். ஒரு தகப்பன் வெள்ளிக்கு வெள்ளி வெற்றிலை கொண்டுவந்து தருவார். அதனால் அம்மப்பாவுக்கு மட்டும்தான் லாபம்.

ஊரில் இதைச் சிலர் நேர்சரி என்றார்கள், சிலர் மொன்ரிசூரி என்றார்கள். மரியா மொன்ரிசூரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், 1944இல் இலங்கைக்கும் வந்து விரிவுரை நடத்திவிட்டுப் போனார். அவருடைய பெயர் ஊருக்குள் எப்படியோ நுழைந்து எந்தச் சின்னப் பள்ளிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அம்மாவுக்கு அவருடைய முறை எதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது திண்ணைப் பள்ளி. மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை இழுப்பிக்கிற பள்ளி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்குவதற்கு முன்னரும் பிள்ளைகள் அப்படித்தான் அரிவரி படித்தார்கள். நான் டிப்ளோமா படித்தபோது, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவைப்பதுதான் மொன்ரிசூரி முறை என்று சொல்லித்தந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கேன் தாளை வெட்டுறாங்கள், மண் இல்லையோ?" என்றா.

முன்பள்ளி உங்கள் பொறுப்புக்கு வந்த கதையும் இந்த வரலாற்றில் ஒரு இடத்தில் வந்து முட்டுகிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது 1987 நவம்பரில். முன்பள்ளிகள் மாகாணங்களுக்குரிய விடயம் என்று அதில்தான் வந்தது. அந்த ஒக்டோபரிலும் நவம்பரிலும் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டையும் ஊரடங்கும். கோணிச்சாக்குகள் சுருட்டியபடி மூலையில் கிடந்தன. நாங்கள் சட்டப்படி ஒரு மாகாணத்துக்குச் சொந்தமான நேரத்தில் எங்கள் விறாந்தையில் ஒரு பிள்ளைகூட இல்லை.

இனிக் குழிக்கு வருகிறேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி எதுவும் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து விளக்கு எரித்த காலம். பேச்சு வராத பிள்ளைக்கும் சகடை என்கிற குண்டு போடும் பிளேன் எது, ஹெலி எது என்று சத்தத்தில் தெரியும். அப்பாவும் அயலில் இருந்த மூன்று பேரும் சேர்ந்து மாமரத்துக்குக் கீழே பங்கர் வெட்டினார்கள். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை, இறங்க ஐந்து படி. பிள்ளைகள் இருபது பேர், குழியில் இடமிருந்தது பன்னிரண்டு பேருக்கு. அம்மா அவர்களை முதுகோடு முதுகாக இருத்துவா. உள்ளே ஒரு தேரை குடியிருந்தது. குண்டுக்குப் பயப்படாத ஒரு பொடியன் தேரைக்குப் பயந்து படியிலேயே நின்றுவிடுவான். அதனால் பிளேன் சத்தம் கேட்டால் அம்மா முதலில் ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு தான் இறங்குவா. தேரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஆள் போயிட்டார், வாங்கோ" என்று கூப்பிடுவா. பிறகுதான் பிள்ளைகள் இறங்குவார்கள். வானத்தில் குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு பெண் விளக்குமாற்றோடு தேரை விரட்டுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

எங்களிடம் எல்லா வருடத்து வரவு இடாப்புகளும் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டு இடாப்பில் ஒக்டோபர் 30, திங்கட்கிழமை, பதினேழு பிள்ளைகளுக்குச் சரி போட்டிருக்கிறது. அன்று பின்னேரம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்கவே விடியப்போகிறது என்றாகிவிட்டது. சைக்கிள் கரியரில் அரிசி, பானை, பாய். முன்னுக்கு அம்மம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு போனோம். அம்மா தன் சீலைக்குள் பொலித்தீனால் சுற்றி ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தா. நகையாக்கும் என்று நினைத்தேன். கொடிகாமத்தில் அவிழ்த்தபோதுதான் இடாப்பு என்று தெரிந்தது.

"இதை ஏனம்மா தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஆர் ஆர் வந்து சேர்ந்தது எண்டு பாக்க வேண்டாமோ?"

பார்த்தா. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து, இடாப்பில் பெயருக்கு நேரே பென்சிலால் இடத்தின் பெயரை எழுதினா. சில பெயர்களுக்கு நேரே எழுதிய பிறகு அழித்து வேறு ஊர் எழுதியிருக்கிறது. இரண்டு பெயருக்கு நேரே இன்றுவரைக்கும் ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் "கொடிகாமம்" என்று தலைப்பிட்டுப் பதினொரு பெயர்கள். எங்கள் பிள்ளைகள் நாலு பேர், மிச்சம் ஏழு பேரும் அங்கே மரத்தடியில் சேர்ந்தவர்கள். கட்டடம் இல்லை, இருக்கை இல்லை, பதிவு இல்லை. உங்கள் அளவுகோலின்படி அந்த ஐந்தாறு மாதமும் எங்கள் நிலையம் இயங்கவில்லை. ஆனால் பள்ளி நடந்தது. படிவத்தில் "இடைநிறுத்தப்பட்ட காலம்" என்ற கட்டத்தை நான் வெறுமையாக விட்டதற்குக் காரணம் அதுதான். தவறுதலாக விட்டுப்போகவில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கூரையில் பாதி ஓடு இல்லை. கதவு, யன்னல் எதுவும் இல்லை. கரும்பலகையாக இருந்த கதவும் போய்விட்டது. யாருடைய அடுப்புக்குள் போனதோ. பங்கரின் பனங்குற்றிகள் உளுத்து உள்ளே விழுந்து, மழைத்தண்ணி தேங்கிக் கிடந்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று அப்பா தண்ணியை இறைத்து, குற்றிகளை எடுத்துவிட்டு, மாட்டுவண்டிலில் மணல் எடுப்பித்துக் குழியை நிரப்பினார். எவ்வளவு போட்டும் மேல்மட்டம் முழங்கால் ஆழத்துக்குத் தாழ்ந்தே நின்றது. அதற்கு மேல் மணல் வாங்கக் காசு இல்லை. அடுத்த நாள் காலை வந்த முதல் பிள்ளை நேரே அதற்குள் இறங்கிச் சிரட்டையில் மண்சோறு ஆக்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் பட்டியலில் 4ஆம் இலக்கமாக இருப்பது இந்தக் குழிதான்.

இதைப் படித்து மனம் இளகி விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. பழைய கதைக்காக ஒரு ஆபத்தான குழியை வைத்திருக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழிக்குள் ஒரு நாளைக்கு என்ன நடக்கிறது என்று உங்கள் அலுவலர்கள் பார்க்கவில்லை. அவர்கள் வந்தது பத்தரை மணிக்கு. வெயில் ஏறிப் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்ட நேரம். எட்டு மணிக்கு வந்திருந்தால் பார்த்திருக்கலாம்: குரும்பட்டிக்கு ஈர்க்கில் குத்தித் தேர் செய்து இழுக்கிறவர்கள், பூவரசம் இலையில் பீப்பீ சுற்றி ஊதுகிறவர்கள், ஐந்து சிறு சிரட்டை மண் ஒரு பெரிய சிரட்டைக்குள் கொள்ளுமா என்று சண்டை பிடிக்கிறவர்கள். இந்த வருடம் ஒரு பெண்பிள்ளை சேர்ந்தாள், மூன்று வயது. இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. தாய் அழாத குறை. ஒருநாள் மணலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த பொடியனைப் பார்த்து, "தண்ணி காணாது" என்றாள். எங்கள் பள்ளியில் அவள் பேசிய முதல் சொல். இன்டர்லொக் கல்லின்மேல் அவளுக்குத் தண்ணி காணுமா காணாதா என்று எப்படித் தெரியும்?

மற்றது, கல் பதிக்க யார் காசு தருவது? இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமைதான். ஆனால் நடைமுறையில் அது ஐந்து வயதில், முதலாம் வகுப்பு வாசலில்தான் தொடங்குகிறது. மூன்று, நாலு வயதுக்காரரின் செலவு தாய் தகப்பனின் தலையில். ரீச்சர்மாரின் சம்பளம் அந்தக் கட்டணத்திலிருந்து. கல் பதித்தால் கட்டணம் ஏறும். ஏறினால் சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவின் பிள்ளைதான் முதலில் நிற்கும்.

உங்கள் பட்டியலில் நியாயமானவை இல்லை என்று சொல்லமாட்டேன். கிணற்றுக்கு இரும்பு வலை போடச் சொன்னீர்கள். நாற்பது வருடமாக நாங்களே செய்திருக்கவேண்டிய வேலை, வெட்கமாக இருந்தது. அந்தக் கிழமையே போட்டுவிட்டோம். தீயணைப்புக் கருவி வாங்கிவிட்டோம். சின்னவர்களுக்கு உயரம் குறைந்த மலசலகூடம் கட்டி முடிகிறது. ஏணைகளைக் கழற்றிவிட்டுத் தொட்டில் கட்டில் போடச் சொன்னதும் சரிதான். போட்டோம். மூன்று கைக்குழந்தைகள் ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் எங்களைப் பழிவாங்கினார்கள், அவ்வளவுதான்.

கைக்குழந்தைகள் என்றதும் பகல் பராமரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். "முன்பள்ளியும் டே கெயாரும் ஒரே வளவில் இருப்பது பொருத்தமில்லை" என்று பட்டியலில் இருக்கிறது. அதை நாங்கள் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வங்கிக் கிளைகள், நிதி நிறுவனங்கள், கடைகள் என்று அடுக்கடுக்காகத் திறந்தன. இளம் தாய்மார் வேலைக்குப் போனார்கள். பிரசவ விடுமுறை 84 வேலை நாள். அது முடிய, பிள்ளையை யாரிடம் விடுவது? முந்தி அம்மம்மா இருப்பா, அப்பம்மா இருப்பா. இப்போது அம்மம்மா கனடாவில், அப்பம்மா லண்டனில். இங்கே வீட்டில் இருப்பது அவர்களுடைய படமும் வட்ஸ்அப்பும். ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற ஒரு தாய் ஐந்து மாதப் பிள்ளையைக் கொண்டுவந்து, "அக்கா, மூத்தவன் இங்கதானே படிக்கிறான், இவனையும் ஒரு மாதத்துக்கு மட்டும் பாருங்கோ" என்று என் மச்சாளின் கையில் வைத்துவிட்டுப் போனா. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. மச்சாள் அதற்கென்று பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டா.

மூத்தது விறாந்தையில் பாட்டுப் பாடும்போது இளையது அறைக்குள் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். இடைவேளைக்கு மூத்தது ஓடிப்போய் இளையதின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். இதைப் பிரித்து இரண்டு வளவில் வைக்கச் சொல்கிறீர்கள். தனி வாசல், தனிச் சமையல், தனி அறை என்றால் செய்கிறோம். தனி வளவு ஏன் என்று உங்கள் அலுவலர்களைக் கேட்டேன். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்.

2006 ஓகஸ்ட்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 தரைப்பாதை பூட்டியது, பால்மாவுக்கும் அரிசிக்கும் வரிசை, கப்பலில் திருகோணமலைக்குப் போன குடும்பங்கள், 2020 கொரோனா, 2022இல் காஸ் இல்லாமல் தாய்மார் ஆளுக்கொரு கட்டு விறகு கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பயறு அவித்தது. எல்லாம் இடாப்பில் எண்ணிக்கையாக இருக்கிறது. விரித்தால் மடல் நீண்டுவிடும், விடுகிறேன்.

கடைசியாக ஒன்று, அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. படிவத்தில் "வளவில் இருப்போர், கல்வித் தகைமை" என்று ஒரு அட்டவணை. உங்கள் அலுவலர்கள் வந்த அன்றே அதைப் பற்றிக் கேட்டபோது, அம்மாவின் பெயருக்கு நேரே சாதாரண தரப் பரீட்சை என்று சொன்னேன். பட்டியலில் பதில் வந்தது: "தகைமையற்றவர் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளுடன் இருத்தலைத் தவிர்க்கவும்".

அம்மாவுக்கு 78 வயது. இப்போது வகுப்பு எடுப்பதில்லை. காலையில் விறாந்தைக் கதிரையில் இருப்பா. பிள்ளைகள் "அம்மம்மா ரீச்சர்" என்று கூப்பிடுவார்கள். சப்பாத்து மாறிப் போட்டதைத் திருத்துவா, மூக்குச் சளி துடைப்பா, தாயைத் தேடி அழுகிறவரை மடியில் வைத்திருப்பா. தகைமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் மச்சாளும் கஷ்டப்பட்டுப் படித்துத்தான் எங்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டினோம். படித்தபிறகுதான் அம்மா செய்த சில வேலைகள் பிழை என்றும் தெரிந்தது. குழப்படி செய்கிறவரை மூலையில் நிறுத்துவா. அதை நிறுத்துவித்தது நான்தான், பெரிய சண்டை பிடித்து. ஆனால் அந்த அட்டவணையில் "சேவைக்காலம்" என்று ஒரு நிரல் இருந்திருந்தால் உங்கள் அலுவலர் அந்த வசனத்தை எழுதியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டு வளவில் நடக்கிற முன்பள்ளிகளுக்கு, கட்டடம் கட்டி நடத்துகிறவற்றுக்குரிய அதே படிவத்தைத் தராமல் தனியாக ஒன்று தாருங்கள். பாதுகாப்பில் ஒரு புள்ளியும் குறைக்கவேண்டாம். மணல் எவ்வளவு ஆழம் இருக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருக்கால் மாற்றவேண்டும், பூனை வராமல் எப்படி மூடவேண்டும் என்று எழுதுங்கள், அப்படியே செய்கிறோம். மூடு என்று ஒரு சொல்லில் முடிக்கவேண்டாம். அம்மாவைப் போன்றவர்களை ஒரு தகைமையுள்ள ரீச்சரின் பொறுப்பில் உதவியாளராகப் பதிய இடம் விடுங்கள். டே கெயாரை ஒரே வளவில் நடத்த என்ன என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளை அனுப்புகிற தாய் தகப்பன்மாருக்கும் இடையில் ஒரு வார்த்தை. மூன்று வயதில் கொப்பி கேட்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். 7ஆம் கேள்விக்குக் கீழே "இணைப்பைப் பார்க்க" என்று எழுதியிருக்கிறேன். இணைப்பு இந்த மடல்தான். 1995ஆம் ஆண்டு இடாப்பின் இரண்டு பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். மூலத்தை அம்மா தரமாட்டேன் என்றுவிட்டா. பார்க்க விரும்பினால் நீங்கள்தான் வரவேண்டும். ஒரு வேலைநாளில் எட்டு மணிக்கு முன் வாருங்கள். மணல் போன சனிக்கிழமைதான் மாற்றினோம். படலை கொஞ்சம் இறுக்கம், தூக்கித் திறக்கவேண்டும்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து, 1981 இடாப்பின் நாலாவது பெயர்